எலியின் கண்ணீரில் எழுந்த கேள்வி

(ஜூலை 23 அன்று நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் இதே மேடையில் சோழர் கடற்படையைப் பற்றிப் பேசினார்கள். என்னிடம் அவ்வளவு தண்ணீர் கிடையாது. நான் பேசப்போவது ஏழு மைக்ரோலிட்டரைப் பற்றி. நம் ஒரு கண்ணின் மேல் எப்போதும் நிற்கிற கண்ணீர் ஏறக்குறைய அவ்வளவுதான். மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரே ஒரு சொட்டு, இதைப்போல் நாலைந்து மடங்கு வரும். இந்தத் துளிக்குப் பின்னாலேயே நாற்பது வருஷம் நடந்தவர் ஒருவர் இருக்கிறார். பெயர் டேவிட் சல்லிவன். அமெரிக்காவில், பாஸ்டனில் வேலை செய்த விஞ்ஞானி. அவர் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன் என் அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐம்பது வயது தாண்டியதும், "கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்குடா தம்பி" என்று சொல்ல ஆரம்பித்தாள். கூடவே கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டும். ஒரு டாக்டர், "வயசாயிடுச்சும்மா" என்றார். இன்னொருவர், "டிவி பார்க்கிறதைக் குறைங்க" என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா?" என்று கேட்டார். நாலாவதாகப் பார்த்தவர்தான் இமையைத் திருப்பிப் பார்த்து, உலர்கண் என்றார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணி கொட்டுது என்று போனால் காய்ந்து போச்சு என்கிறாரே, இவர் எங்கே படித்தார் என்று கேட்டாள்.

அவர் சரியாகத்தான் படித்திருந்தார். கண்ணின் மேல்பரப்பு காய்ந்தால் எரியும். எரிச்சல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி அவசர அவசரமாகத் தண்ணீரை இறைக்கும். வெங்காயம் நறுக்கும்போது வருகிற தண்ணீர் போன்றது அது. வரும், வழியும், கண்ணில் நிற்காது. நிற்கிற கண்ணீர் வேறு, கொட்டுகிற கண்ணீர் வேறு.

இன்றைக்கு இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 1899 ஜூலை 23, ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் பிறந்த நாள். கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டுபோகும் ஒரு நோயை 1933இல் தன் ஆய்வேட்டில் விரிவாக எழுதியவர். உடம்பின் காவல்படையே கண்ணீர்ச் சுரப்பிக்குள்ளும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் புகுந்து அழிக்கிற நோய் அது. அந்த ஏட்டில் அவர் எழுதிய நோயாளிகள் 19 பேர். பத்தொன்பது பேரும் பெண்கள். அதில் பெரும்பாலானவர்கள் மாதவிலக்கு நின்றுபோனவர்கள். அவ்வளவு பெரிய வேலைக்கு அவருடைய பல்கலைக்கழகம் பேராசிரியர் பாதைக்குப் போகிற அளவு மதிப்பெண்கூடத் தரவில்லை. அதை விடுங்கள். என் கவனம் அந்தப் பத்தொன்பதில் நிற்கிறது. ஏன் எல்லோரும் பெண்கள்? ஐம்பது வருஷம் மருத்துவ உலகம் அந்த எண்ணைப் பார்த்தது, தலையாட்டியது, அடுத்த பக்கத்தைப் புரட்டியது. பெண் என்றால் அப்படித்தான் என்கிற பதில் நம் வீடுகளில் மட்டும் புழங்குவதில்லை.

சல்லிவன் கண்ணில் தொடங்கியவரே இல்லை. டார்ட்மவுத் மருத்துவக் கல்லூரியில் சார்ல்ஸ் வைரா என்ற ஆய்வாளரோடு எலியின் கருப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது கருப்பைக்குள் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கூடுகின்றன என்பது அங்கே அவர்கள் கண்டது. அதாவது ஹார்மோன் என்பது பிள்ளை பெறுவதற்கு மட்டுமல்ல, காவலுக்கும் உத்தரவு போடுகிறது. இந்த நினைப்போடு பாஸ்டனில் உள்ள கண் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். அதை 1950இல் தொடங்கிய சார்ல்ஸ் ஸ்கெப்பென்ஸ் பெல்ஜியத்துக்காரர். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்குத் தெரியாமல், மர வியாபாரி வேஷத்தில் இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிரெனீஸ் மலை வழியாகத் தப்ப வைத்தவர். அவருக்குத் தனிக் கூட்டமே போட வேண்டும், நூலகர் குறித்துக்கொள்ளட்டும்.

அங்கே மத்தியா ஆலன்ஸ்மித் என்ற பெண் விஞ்ஞானியோடும், கர்ட் பிளாக் என்பவரோடும் சேர்ந்து சல்லிவன் செய்த வேலை 1984இல் வெளிவந்தது. எலியின் கண்ணீரை எடுத்து அளந்தார்கள். எதிர்ப்புப் புரதத்தைக் கண்ணீருக்குள் கொண்டுவந்து சேர்க்கிற ஒரு பொருள் உண்டு. அது ஆண் எலியின் கண்ணீரில் அதிகம், பெண் எலியின் கண்ணீரில் குறைவு. ஆண் எலியின் விதையை எடுத்தால் குறைகிறது. டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் திரும்ப ஏறுகிறது. கருப்பையில் உத்தரவு போட்டது ஈஸ்ட்ரோஜன். கண்ணிலோ உத்தரவு டெஸ்டோஸ்டீரோன் வகை ஹார்மோனான ஆண்ட்ரோஜனிடமிருந்து வருகிறது!

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் விலங்கியல் வாத்தியாராக இருந்தவன் நான். ஆணுக்கு ஆண்ட்ரோஜன், பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்று கரும்பலகையில் நடுவே கோடு போட்டுப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தவன். அந்தக் கோடு தப்பு. பெண்ணின் சினைப்பையும் ஆண்ட்ரோஜன் சுரக்கிறது, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் அதற்கான மூலப்பொருளைத் தருகிறது. வயது ஏற ஏற அந்த வரத்து குறைகிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணிடம் ஈஸ்ட்ரோஜன் போய்விட்டது என்று எல்லோரும் பேசினோம். கூடவே ஆண்ட்ரோஜனும் நடையைக் கட்டுகிறது என்று யாரும் பேசவில்லை.

1989இல் அடுத்த படி. ஷோக்ரன் நோய் போன்றதே வருகிற ஒரு வகைப் பெண் சுண்டெலிகளுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணீர்ச் சுரப்பிக்குள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்த வெள்ளணுக்கள் குறைந்தன.

இத்தனையும் கண்ணீரின் தண்ணீர்ப் பாகம். எனக்கு அதைவிடப் பிடித்தது எண்ணெய்ப் பாகம். கோழிக் குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே எண்ணெய் படர்ந்து நிற்கும், ஆவியே தெரியாது. ஆறிவிட்டது என்று நினைத்து வாயில் வைத்தவருக்குத்தான் அடியில் என்ன சூடு என்று தெரியும். எண்ணெய் மூடி நின்றால் தண்ணீர் ஆவியாகாது. நம் கண்ணீருக்கும் அப்படி ஒரு மூடி உண்டு. இமை விளிம்பில், மயிர்க்கால்களுக்குப் பின்னால், வரிசையாகச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. 1666இல் ஹெய்ன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானியர் எழுதியதால் அவர் பெயரில் மெய்போமியன் சுரப்பி. நாம் இமைக்கும்போதெல்லாம் அவை கொஞ்சம் எண்ணெயைப் பிழிந்து பூசுகின்றன. அடைத்துக்கொண்டால் எண்ணெய் பற்பசை மாதிரி கெட்டியாகிவிடும். மூடி போனால் கண்ணீர் எவ்வளவு சுரந்தும் பயனில்லை.

இங்கே சல்லிவன் கேட்ட கேள்வி, பரு வந்த எந்தப் பையனும் கேட்டிருக்கக்கூடியது. தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன். அதனால்தான் பருவ வயதில் முகம் எண்ணெய் வழிகிறது, பரு வருகிறது. இமைச் சுரப்பியும் பெரிய உருவில் ஓர் எண்ணெய்ச் சுரப்பிதானே? அப்படியானால் அதற்கும் அதே எஜமான்தானா? சோதிக்க மனிதர்களில் இரண்டு கூட்டத்தார் கிடைத்தார்கள். புராஸ்டேட் நோய்க்காக ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து சாப்பிடும் ஆண்கள் ஒரு கூட்டம். பிறவியிலேயே உடம்பு ஆண்ட்ரோஜனின் குரலைக் கேட்காத பெண்கள் இன்னொரு கூட்டம். 2000, 2002 வாக்கில் முடிவுகள் வந்தன. இரண்டு கூட்டத்தாரிடமும் இமை எண்ணெயின் கலவையே மாறியிருந்தது. எஜமான் அவரேதான்.

இனிமேல் சொல்வதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தால் கண் வறட்சி தீரும் என்ற நம்பிக்கை அந்த நாளில் பலருக்கு இருந்தது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது: குறைந்ததைக் கொடுத்தால் சரியாகிவிடாதா? அமெரிக்காவில் 25,665 பெண்களின் விவரங்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். டெப்ரா ஷாம்பெர்க் முன்னின்ற ஆய்வு, சல்லிவனும் அதில் ஓர் ஆசிரியர், வெளிவந்த ஆண்டு 2001. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு உலர்கண் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட 69 சதவீதம் அதிகம். புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 29 சதவீதம் அதிகம். எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மூன்று வருஷத்துக்கும் 15 சதவீதம் ஏறியது. மருந்து என்று நினைத்துக் கொடுத்த இடத்தில் நோய் கூடியிருந்தது. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று டாக்டரிடம் கேளுங்கள். கண்ணைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து அதே குழு இன்னொரு கணக்கும் தந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன அமெரிக்கப் பெண்களில் 32 லட்சம் பேருக்கு உலர்கண். ஆண்கள் கணக்கு 2009இல் வந்தது: சுமார் 17 லட்சம். ஏறக்குறைய சரிபாதி. ஷோக்ரனின் பத்தொன்பது, லட்சக்கணக்கில் ஊர்ஜிதமானது.

சல்லிவன் ஆய்வகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர் அல்ல. கண்ணீர்ச் சுரப்பியைப் பார்க்கிறவர் ஒரு பக்கம், இமையைப் பார்க்கிறவர் ஒரு பக்கம், மருந்துக் கம்பெனி ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தவர்களை 1992இல் பெர்முடாத் தீவில் ஒரு மாநாட்டுக்குக் கூட்டினார். 2000இல் கண்ணீருக்கென்றே ஓர் உலகச் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் கூட்டி வைத்து 2017இல் வெளியிட்ட அறிக்கையில் 23 நாட்டு நிபுணர்கள் 150 பேர் வேலை செய்தார்கள். அதில் ஆண், பெண், ஹார்மோன் என்ற பகுதிக்குத் தலைமை வேறு யாராக இருக்க முடியும்?

முடிவு சுபம் என்று சொல்லி இறங்கிவிடலாம். அது உண்மையாகாது. ஆண்ட்ரோஜன்தான் எஜமான் என்று கண்டுபிடித்தாயிற்றே, அந்தச் சொட்டு மருந்து எங்கே? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் கொடுத்த ஆண்ட்ரோஜன் கண்சொட்டு உலர்கண்ணுக்கு இல்லை. எலிக்கும் மனிதருக்கும் நடுவில் உள்ள பள்ளம் அப்படி. சல்லிவன் அதில் மனம் முறிந்து உட்காரவில்லை. மனித இமைச் சுரப்பியின் உயிரணுக்களைக் குடுவையில் தொடர்ந்து வளரும்படி செய்து 2010இல் அறிவித்தார்கள். கண் மையிலும் இமைப் பூச்சுகளிலும் கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனங்கள், அனுமதிக்கப்பட்ட அளவிலேயே அந்த உயிரணுக்களைக் கொல்கின்றன என்று 2018இல் காட்டியதும் இந்தக் குழுதான். மூட்டுகளை வழுக்க வைக்கிற லூப்ரிசின் என்ற புரதம் கண்ணின் மேலும் இருக்கிறது என்று கண்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதைச் சொட்டாக்கி மனிதர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

என் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம் மருந்து அல்ல. "பொம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்று உலகம் முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் கேள்விக்குறி போட்டார், அந்தக் கேள்வியை ஏழு மைக்ரோலிட்டருக்குள் அளந்தும் காட்டினார்.

என் அக்கா இப்போது காலையிலும் இரவிலும் வெந்நீரில் துணி நனைத்து, பொறுக்கும் சூட்டில் மூடிய கண்ணின் மேல் வைத்து, இமையை மெதுவாக நீவிவிடுகிறாள். சொட்டும் போடுகிறாள். முழுக்கத் தீரவில்லை, தினமும் திட்டுவது குறைந்திருக்கிறது.

கடைசி வரிசையில் நம் ஊர்க் கண் டாக்டர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் இருந்து, கண் உறுத்துகிறது என்பவர்களின் இமையைப் பார்த்துச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆண்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் முதலில் போய் நில்லுங்கள்.