மருத்துவக் காப்பீடு: கட்டும் தொகையும் கைக்கு வரும் தொகையும்

(இராசிபுரம் வட்டாரத்துக் கிராமமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லாரிக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுப்பதில் நாமக்கல் வட்டாரத்தாருக்குப் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. எந்தச் சேதத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று துருவிக் கேட்ட பின்னரே கையொப்பமிடுவர். அவரே தம் உடலுக்குக் காப்பீடு எடுக்குங்கால், எது மலிவு என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்.

என் தமையனாரும் அவ்வாறே செய்தார். ஒரு திட்டத்துக்குப் பிரீமியம் 12,000 ரூபாய், மற்றொன்றுக்கு 16,000. இரண்டிலும் காப்புத் தொகை 3 இலட்சமே. நாலாயிரம் மிச்சமென்று மலிவானதை எடுத்தார். அதில் அறை வாடகையாக நாளொன்றுக்குக் காப்புத் தொகையில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 3,000 ரூபாய் மட்டுமே தரப்படும் என்றிருந்த விதியை அவர் படிக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்காகச் சேலத்தில் 6,000 ரூபாய் அறையில் 5 நாள் தங்கினார். அறைக்கு 30,000; மருத்துவர், அறுவைக்கூடம் முதலியவற்றுக்கு 80,000; மருந்துக்கும் பரிசோதனைக்கும் 40,000; ஆக 1,50,000 ரூபாய். வாடகை பாதியாகக் குறைந்ததோடு நிற்கவில்லை. அதே விகிதத்தில் மருத்துவர் கட்டணமும் பாதியாயிற்று. மருந்தும் பரிசோதனையுமே முழுமையாகக் கிடைத்தன. வந்தது 95,000. மீதி 55,000 ரூபாய்க்காக அண்ணியாரின் நகைகள் அடகுக்குச் சென்றன. மலிவான திட்டமேயாயினும், 3,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது. அதை எடுத்துச் சொல்ல அன்று எவருமில்லை.

தனியார் திட்டத்தை நாடுமுன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்கு இடமுண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2012 ஜனவரி 11 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பம் பிரீமியமாக ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில், குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் வரை உதவி கிடைக்கும். விசைத்தறித் தொழிலாளர் பலர், குடும்ப அட்டை கையிலிருந்தும், வருமானச் சான்று வாங்கச் சோம்பி இதனை இழக்கின்றனர்.

தனியார் திட்டமே எடுப்போர் சென்ற ஆண்டுகளின் பழைய இரசீதை வைத்து ஒப்பிட வேண்டாம். தனிநபர், குடும்பக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. மருத்துவச் செலவில் நம் பங்காக நூற்றுக்கு எவ்வளவு கட்ட நேரும் என்பதையும் கேளுங்கள். முன்பே உள்ள நோய்க்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 2024ஆம் ஆண்டு விதிப்படி அது 3 ஆண்டுக்கு மிகலாகாது. சர்க்கரை நோயை மறைத்து எழுதிக்கொடுப்போரும் உளர். பிரீமியம் சிறிது குறையலாம்; பின்னர், பணம் கேட்கும் நாளில் அந்தப் பொய்யே தடையாக வந்து நிற்கும்.

பத்திரம் கைக்கு வந்த பின்னும் 30 நாள் அவகாசமுண்டு. வீட்டில் படித்த பிள்ளையைக் கொண்டு அதனை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். ஒவ்வாததாயின் அதற்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.