ஒருமுறை எழுதுவதும் பலமுறை நிரப்புவதும்

(கூரம் கிராமத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

இக்காலத்தில் அரசிடம் எதைக் கேட்டாலும் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, பயிர்க் காப்பீடு, முதியோர் உதவித் தொகை என எதை எடுத்தாலும் அதே பெயர், அதே தந்தை பெயர், அதே கதவு எண், அதே கூரம், அதே காஞ்சிபுரம் மாவட்டம். "சொன்னதையே எத்தனை தரம் சொல்வது?" என்று நீங்கள் அலுத்துக் கொள்வது நியாயமே. அதைத் தட்டச்சு செய்பவருக்கும் அதே அலுப்பு உண்டு. நாற்பது பேருக்கு நாற்பது முறை ஊர்ப்பெயரை அடிக்கும் கை, நாற்பத்தொன்றாவது முறை தவறுகிறது. ஆகவே, திரும்பத் திரும்ப வரும் விவரங்களை இயந்திரமே நிரப்பும் வழிகளை இன்று கையாளுகிறோம். அது நல்லதே. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் தறியை அறியாதவர் இலர். முன்னாளில் புட்டா நெய்ய அடை கட்டினார்கள். பின்னர் ஜக்கார்டு வந்தது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தவரான ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டையொட்டி அதை உருவாக்கினார். அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதற்கேற்ப இழை மேலெழும். அட்டையை ஒருமுறை குத்தி மாட்டிவிட்டால், சேலை முழுவதும் அன்னமும் மயிலும் தாமே வந்துகொண்டிருக்கும். துளையிட்ட அட்டையையே கொண்டு ஹாலரித் என்ற அமெரிக்கர் 1890-ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கை இயந்திரத்தால் கூட்டினார். கணினி உலகம் தறிக்குக் கடன்பட்டிருக்கிறது என்றால் மிகையன்று. நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: அட்டையில் ஒரு துளை தவறினால், அத்தவறும் சேலை முழுவதும் அழகாகத் திரும்பத் திரும்ப வரும்.

இதை நான் பட்டறிந்தவன். முன்பு நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், மழையில் குடிசை இழந்தவர்களுக்கான நிவாரணப் பட்டியல் தயாராயிற்று. அனைவருக்கும் ஒரே வங்கிக் கிளைதான். ஆதலால் முதல் வரியில் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை அடித்துவிட்டு, எக்செல் பட்டியலில் அதைக் கீழே இழுத்து நிரப்பினார்கள். இழுத்தால் அந்த இயந்திரம் என்ன செய்யும் தெரியுமா? குறியீடு எண்ணில் முடிவதைக் கண்டு, வரிசை எண் என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். முதல் வரி சரி. இரண்டாம் வரியிலிருந்து கடைசி வரி வரை அத்தனையும் பிழை. முதல் வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்பட்டியலில் கையொப்பமிட்டவன் நான். முதல் பெயருக்குரியவர் பணம் பெற்றார். ஏனையோரின் பணம் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்து மறுபடி அனுப்புவதற்குள் பல வாரங்கள் கடந்தன. கூரையில்லாத வீட்டில் பிள்ளைகளோடு காத்திருந்த தாய்மார்களுக்கு, "கணினிக் கோளாறு" என்று நான் சொன்ன பதிலை இன்றும் நினைத்து வெட்கப்படுகிறேன். கணினியில் எந்தக் கோளாறும் இல்லை.

இந்தப் பட்டியல் இயந்திரத்துக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. 5/2 என்று உட்பிரிவுப் புல எண்ணை அடித்தால், அதைத் தேதியாக மாற்றிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணில் முன்னுள்ள பூஜ்யத்தை நீக்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணாயின், 16-ஆவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். மருந்து எளிது: அடிக்கத் தொடங்குமுன் அந்தப் பத்தியை எழுத்து வகை என்று குறித்துவிட வேண்டும். பஞ்சாயத்துச் செயலர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

கூரத்தில் நின்று பேசும்போது கூரத்தாழ்வானை நினையாமல் இருக்க இயலவில்லை. உங்களூரில் தோன்றிய அப்பெரியவர், காஷ்மீரத்தில் போதாயன விருத்தியை இரவு வேளைகளில் படித்தே மனத்தில் பதித்துக் கொண்டார் என்றும், ஏடு கைவிட்டுப் போன பின்னர் அதை ராமாநுஜருக்கு நினைவிலிருந்தே எடுத்துரைத்தார் என்றும் குருபரம்பரை வரலாறு கூறுகிறது. ஸ்ரீபாஷ்யத்தை ராமாநுஜர் சொல்லச் சொல்ல எழுதியவரும் அவரே. ஓரிடத்தில் ஆசிரியர் சொன்ன கருத்து பொருந்தவில்லை என்று கண்டு, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். ராமாநுஜர் முதலில் சினந்து, பிறகு சிந்தித்து, திருத்திச் சொன்னாராம். நம் கணினிக்கு ஒருமுறை கேட்டதை மறவாத அந்த நினைவாற்றல் உண்டு. ஐயம் எழும்போது எழுத்தாணியைக் கீழே வைக்கும் குணம் மட்டும் கிடையாது. அந்த வேலை நம்முடையது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இ-சேவை மையத்தில் கேன் எண் என்று ஒன்று தருகிறார்கள். ஒருமுறை உங்கள் விவரங்களைப் பதிந்து அந்த எண்ணைப் பெற்றுவிட்டால், பின்னர் சான்றிதழ் கேட்கும்போதெல்லாம் பெயரும் முகவரியும் தாமே வந்து அமரும். 2025-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்து விவசாயிகளுக்குப் பதியப்படும் தனி அடையாள எண்ணும் இவ்வகையினதே. ஆதாரும் நில விவரமும் அதில் இணைகின்றன. ஆகவே அந்த முதல் பதிவின்போது அவசரப்படாதீர்கள். ஆதாரில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும், பட்டாவில் இன்னொரு விதமாகவும் பெயர் இருப்பவர் நம்மில் பலர். குப்புசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பல வழிகள் இருக்கின்றன அல்லவா? மூன்றையும் எடுத்துச் சென்று, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். மணமாகி வேறூர் சென்ற பெண்களின் முகவரியைப் பழைய பதிவில் மாற்றவும் மறவாதீர்கள்.

மற்றொன்று. பலர் பயன்படுத்தும் கணினி, முன்பு அடித்ததைத் தானே நினைவில் வைத்து நிரப்பும். உங்கள் படிவத்தில் உங்களுக்கு முன் வந்தவரின் கைபேசி எண் ஏறிவிட்டால், ஒருமுறைக் கடவு எண் அவருக்குப் போய்ச் சேரும். கைபேசி எண்ணை ஒவ்வொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும். பஞ்சாயத்துக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பதும் கூடாது. யார் கை வைத்தாலும் தலைவரின் பெயரால் பதிவு நடந்துவிடும்.

வருகைப் பதிவு, பணி அளவு போன்றவற்றை நேற்றையதைப் பார்த்து இன்று நிரப்பக் கூடாது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கைபேசி வழி வருகைப் பதிவு நடந்தபோது, படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுவதுபோன்ற முறைகேடுகள் நடப்பதாக 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட நேர்ந்தது. ஊர்ப்பெயர் நாளும் மாறாது. வேலைக்கு வந்தவர் எண்ணிக்கை நாளும் மாறும்.

அடுத்த கிராம சபைக்கு முன்பாக, இவ்வூரின் பயனாளிகள் பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் அச்சிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மாத்திரம் அதில் இருக்கும். வங்கிப் புத்தகத்தோடு வந்து, உங்கள் வரியை நீங்களே ஒப்பிட்டுப் பார்த்து ஒப்பமிடுங்கள். முதல் வரியை மட்டும் அல்ல, கடைசி வரிவரை அனைத்தையும் நானும் வந்து பார்ப்பேன்.