வெளிநாட்டுக்குப் போன 16,200 ரூபாய்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



34 வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால் என்னைப் பேசச் சொன்னதாகச் செயலாளர் சொன்னார். எனக்கு அதைவிடப் பெரிய தகுதி ஒன்று உண்டு. நான் ஏமாந்தவன்.

ஒரு பழைய ஜெர்மன் பேனா. படிக்கிற காலத்தில் லஸ் கார்னரில் கடைக் கண்ணாடி வழியே பார்த்து ஏங்கியது. வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்றில் கண்ணில் பட்டது, 18,000 ரூபாய். விற்பவர் மரியாதையாக எழுதினார்: "தளத்தில் கட்டினால் கமிஷன் போகும். என் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், 10 சதவீதம் குறைக்கிறேன்." நானும் கிளைக்குப் போய்ப் படிவம் நிரப்பி 16,200 அனுப்பினேன். பேனா வரவில்லை. தளத்தில் கேட்டால், "எங்கள் வழியாகப் பணம் வரவில்லையே" என்றார்கள். வங்கியில் கேட்டால், "நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பியது" என்றார்கள். இரண்டும் நியாயம்தான். முன்வரிசையில் இருக்கும் என் மனைவிக்கே இந்தக் கணக்கு இன்றுதான் தெரிகிறது.

அதே பணத்தைத் தளத்துக்குள்ளேயே கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், முதலில் தளத்தில் புகார் செய்யலாம். அங்கே நடக்காவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். நம் வங்கி, விற்றவருடைய வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். இதற்குக் காலக்கெடு உண்டு. "வந்துவிடும், வந்துவிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். விற்பவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் அழிக்காதீர்கள்.

கார்டிலும் ஒரு ஆபத்து. நம் ஊர்த் தளங்களில் ஓடிபி கேட்கும். பல வெளிநாட்டுத் தளங்களில் கார்டு எண், தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் போதும், பணம் போய்விடும். அதனால்தான் 2020 மார்ச் 16 முதல் புதிய கார்டுகளை வெளிநாட்டுப் பயன்பாடு இல்லாமலேயே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்தது. வாங்கும்போது வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பு வையுங்கள். வாங்கியதும் மூடுங்கள். மற்றவர் தவறால், உங்களுக்குத் தெரியாமல் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பில்லை. இது 2017-ல் வந்த விதி. மோசடி என்றால் 1930-க்கும் போன் செய்யுங்கள்.

செலவையும் பாருங்கள். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 413 ரூபாய். சுங்கவரி தனி. "கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன்" என்பாரை நம்பாதீர்கள். தபாலிலும் கூரியரிலும் வரும் பரிசுகளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு.

ஆப்பில் அந்த சுவிட்ச் எங்கே என்று தெரியாதவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு சங்க அறைக்கு வாருங்கள். போனைக் கொண்டுவாருங்கள். பின் நம்பரை மட்டும் என்னிடம்கூடச் சொல்லாதீர்கள்.