கேடயமும் பேனாக்கத்தியும்



பத்தாண்டுகளாக நாம் கவிஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம்; கேடயம் வழங்கியிருக்கிறோம். கேடயம் என்பது வெட்டைத் தடுக்கும் போர்க்கருவி. தம் கவிதையின்மீது ஒரு வெட்டும் விழாத கவிஞருக்கு அக்கருவி எதற்கு? இந்த ஐயம் எழுந்தமையால்தான் இன்று கத்தியைப் பற்றிப் பேச வந்தேன். அஞ்ச வேண்டா, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு மடக்குக்கத்திதான்.

கத்தியைப் பரிசாகக் கொடுக்க நாம் தயங்குகிறோம். நம் வீடுகளில் அதனைக் கைக்குக் கை கொடுக்காமல், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் உண்டு. நேரே கொடுத்தால் உறவு அறும் என்பது நம்பிக்கை. இவ்வூரை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சு மக்களிடமும் இதே அச்சம் உண்டு. அங்கே கத்தியைப் பரிசாகப் பெறுபவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுப்பார். பரிசு விலைப்பொருளாக மாறிவிடும், நட்பும் தப்பிவிடும். அச்சத்திற்கு ஒரு காசு கொடுத்துவிட்டு, கத்தி கொடுப்பதை அவர்கள் தொடர்ந்தார்கள். சவோய் மலைநாட்டில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக்கத்தி ரொட்டி அறுக்கவும் குச்சி சீவவும் எளிய மக்களின் பையில் இடம்பெற்றது. பரிசுப் பொருளாகவும் ஆயிற்று.

மடக்குக்கத்தி நமக்குப் புதியதன்று. இறகுப் பேனாவின் முனையைச் சீவ உதவியது பேனாக்கத்தி. அது வருவதற்கு முன்பே நம் புலவர்களிடம் எழுத்தாணியும் கத்தியும் ஒன்றாக இருந்தன. வாரெழுத்தாணியின் ஒருமுனை எழுதும். மறுமுனை ஓலையை வாரும். மடக்கெழுத்தாணியோ பிடிக்குள் மடங்கிக் கொள்ளும். ஓலையின் ஓரத்தைச் சீவிச் சமன்செய்த பின்னரே எழுத்துப் பிறந்தது. நம் நகரின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனத்தையும் உள்ளிட்டு இவ்வூரில் காக்கப்படும் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுள் பெரும்பகுதி ஓலைச்சுவடிகளே. அந்த ஓலை ஒவ்வொன்றும் எழுத்தைக் காணுமுன் கத்தியைக் கண்டது.

கத்தியும் ஏடும் சேர்ந்தாலே நன்மை என்று நான் சொல்லவில்லை. தென்பெண்ணைக் கரையில், திருக்கோவலூரில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். அடியார் வேடம் புனைந்த முத்தநாதன், ஏட்டுக்கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக் கொண்டுவந்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தினான். புகழுரைக்குள் ஒளிந்து வரும் பகை அத்தகையது. ஓலையை வாரும் கத்தியோ எல்லாரும் காண வெளிப்படையாக வேலை செய்தது. கவிதையைத் திருத்தும் நட்பும் அவ்வாறே முகத்துக்கு நேரே பேச வேண்டும்.

கருவியின் பெருமை எங்கே இருக்கிறது என்பதை ஔவையார் காட்டியிருக்கிறார். அதியமானின் தூதராகச் சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். புறநானூற்றின் 95-ஆம் பாடல் அந்நிகழ்ச்சியைப் பற்றியது. இங்குள்ளவை பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுப் பொலிகின்றன. எம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அப்பாட்டின் கருத்து. புகழ்வதுபோல் பழித்த பாட்டு அது. நம் வீட்டு அலமாரிகளில் வரிசையாக நிற்கும் கேடயங்களை ஔவையார் இன்று கண்டால் என்ன பாடுவார்?

நம் கவியரங்குகளில் கைத்தட்டல் நிரம்ப உண்டு. 'இந்த அடி வேண்டா' என்னும் குரல்தான் அரிது. உறவு அறுமோ என்ற அச்சம் நம் நாவைக் கட்டுகிறது. விளைவு என்ன? இளங்கவிஞர் தம் முதல் நூலை அச்சிட்ட பின்னரே அதன் மிகையை உணர்கிறார். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. சிறு ஓலைத்துண்டுக்கு நறுக்கு என்று பெயர். காசி ஆனந்தன் தம் குறுங்கவிதைகளை 'நறுக்குகள்' என்றே அழைத்தார். செறிவான பேச்சை 'நறுக்குத் தெறித்தாற்போல்' என்று இன்றும் சொல்கிறோம். வெட்டுவதை நம் மொழியே பாராட்டும்போது நாம் ஏன் கூசுகிறோம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில், முதல் நூல் வெளியிட விரும்பும் கவிஞருக்குக் கேடயத்திற்கு மாற்றாக ஒரு மடக்குக்கத்தியைக் கொடுப்போம். அவர் ஒரு ரூபாயைத் திருப்பித் தரட்டும். அக்கத்தியால் அவர் பென்சில் சீவட்டும், அஞ்சலுறை பிரிக்கட்டும், மாங்காய் அரிந்து நண்பர்க்கும் தரட்டும். அலமாரிக்கு மட்டும் அதனை அனுப்ப வேண்டா.

கத்தியைக் கொடுப்பவர் அன்றே அவருடைய கையெழுத்துப்படியையும் கேட்டு வாங்க வேண்டும். ஒரு திங்கள் கழித்து இருவரும் எதிரெதிரே அமர்ந்து, வேண்டாத அடிகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அதன் பின்னும் அவ்விருவரும் ஒன்றாகத் தேநீர் அருந்தப் போவார்களானால், நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டு நன்றாகத் தொடங்கிவிட்டது என்று கொள்வேன்.