ஊட்டும் கையும் உரிமையே

(பெங்களூரு ஆஸ்டின் டவுனில் கட்சிக் கிளை உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு பிற உணவும் சேர வேண்டும். இரண்டு வயதிலும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் தொடரலாம். உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் இவ்வுண்மை எல்லாச் சுகாதார நிலையச் சுவர்களிலும் இடம்பெறத்தக்கது.

ஆயினும், 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டும் சித்திரம் வேறு. நாட்டில் 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் 11.3 சதவீதம் மட்டுமே. கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர்.

பத்தில் ஒன்பது தாய்மார்கள் அறியாமையில் உழல்கின்றனர் என்று இதற்கு விளக்கம் கூறுவது ஆளும் வர்க்கத்துக்கு வசதியானது. செலவில்லாத அறிவுரையோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடும் அல்லவா?

சிறிய வயிறு, நீண்ட நேரம்

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லி உணவையே கொள்ளும். எனவே நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் மசித்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், முட்டை, கீரை, பழம், சிறிதளவு எண்ணெய் ஆகியவை வேண்டும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்தால் கூழ் இளகிவரும். அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைச் சேர்க்க முடியும். முளைவிடும் தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சிதைப்பதே இதற்குக் காரணம்.

இந்த உணவை 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், 9 மாதத்துக்குப் பின் மூன்று நான்கு வேளையும், குழந்தையின் முகம் பார்த்துப் பொறுமையாக ஊட்ட வேண்டும். ஆகவே தேவைப்படுவது உணவு மட்டுமன்று, நேரமும்தான். உழைக்கும் பெண்ணிடம் இல்லாத பொருளும் அதுவே.

சட்டம் விட்ட இடைவெளி

2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. அது முழுவதையும் பேற்றுக்குப் பின் எடுத்தாலும், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வாரத்தில் விடுப்பு முடிந்துவிடுகிறது. ஊட்ட வேண்டிய நாள் தொடங்கும்போது ஊட்டும் கை வேலைக்குத் திரும்புகிறது. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். ஆஸ்டின் டவுனிலிருந்து விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கோ 26 வாரமும் இல்லை, காப்பகமும் இல்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்பர். 1975 அக்டோபர் 2 அன்று 33 பகுதிகளில் தொடங்கிய அத்திட்டம் போராடிப் பாதுகாக்க வேண்டிய பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மையத்தில் சூடான உணவு பெறுவோர் 3 முதல் 6 வயதுக் குழந்தைகள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ளோருக்கு வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பொட்டலமே கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது அதற்கு வகுத்த அளவு நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். அதைச் சமைத்து ஊட்டுபவர் யார்? பள்ளிக்குப் போக வேண்டிய அக்காவா, கண் மங்கிய பாட்டியா? இச்சட்டத்தில் அதற்கு விடையில்லை.

நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. ‘பால்னா’ திட்டத்தில் காப்பகத்தோடு கூடிய அங்கன்வாடிகளுக்கு ஒன்றிய அரசு வைத்த இலக்கு 17,000. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை! கர்நாடகத்தின் ‘கூசின மனெ’ காப்பகங்களோ கிராம ஊராட்சிகளுக்கானவை; நகரத்து உழைப்பாளிக்கு அவை எட்டா.

இந்த வெற்றிடத்தில்தான் டப்பா உணவு நுழைகிறது. இந்தியாவில் விற்கப்படும் நெஸ்லேயின் செரிலாக்கில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுவதாகவும், பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அவ்வாறு சேர்ப்பதில்லை என்றும் 2024 ஏப்ரலில் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு வெளிப்படுத்தியது. ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்துள்ளதாக நிறுவனம் பதிலளித்தது. அறவே நீக்கிவிட்டதாக அது கூறவில்லை. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்துவதை 2003ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் தடைசெய்கிறது. கண்காணிக்க மக்கள் இயக்கம் இல்லையேல் சட்டம் காகிதமே.

கிளைகளின் கடமை

2017 மார்ச்சில் கர்நாடகத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு பெங்களூருவின் சாலையில் இரவும் பகலும் அமர்ந்து போராடினர். அவர்களது ஊதியக் கோரிக்கையும் குழந்தையின் கிண்ணமும் வெவ்வேறு பிரச்சினைகள் அல்ல. மதிப்பூதியத்தில் வதைபடும் ஊழியரைக் கொண்டு காப்பகத்தையும் நடத்தச் சொல்வது தீர்வாகாது. கூடுதல் பணியாளரும் உரிய ஊதியமும் வேண்டும்.

தம் தெருவில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் எத்தனை பேர், பகலில் அவர்களுக்கு ஊட்டுபவர் யார் என்பதைக் கிளைகள் கணக்கெடுக்க வேண்டும். மாதந்தோறும் எடை பார்க்கப்படுகிறதா, பொட்டலம் தவறாமல் வருகிறதா என அங்கன்வாடி ஊழியரோடு தோழமையாய் நின்று அறிய வேண்டும். அந்தக் கணக்கோடு காப்பகக் கோரிக்கையை மாநகராட்சியிடமும் மாநில அரசிடமும் வைக்க வேண்டும். வீட்டு வேலைத் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு கோரும் இயக்கம் தமிழ், கன்னடம், உருது பேசும் தாய்மார்களை ஒன்றிணைக்கும்.

எந்த வீட்டிலும் தாயைக் குற்றம் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாகாது. அவரது வேலை நேரம் என்ன என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.