வீட்டு ஆள் கூலியும் செலவுதான்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'குடும்பத் தொழிலில் வெற்றி'. வெற்றியைப் பத்திப் பேச வேற ஆள் பாருங்க, நான் கணக்கு நோட்டைப் பத்திப் பேசுறேன்னு அக்காகிட்ட முதலிலேயே சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க.

எங்க வீடு சேரன்மகாதேவி பக்கம். டவுன், பாளையங்கோட்டை தையல்கடைகளில் மிஞ்சுகிற வெட்டுத்துணியைக் கிலோ கணக்கில் வாங்கி, துண்டு துண்டாக இணைத்து, விரிப்பும் போர்வையும் தைக்கிறோம். தைப்பது மூன்று பேர்: என் மாமியார், நான், கொழுந்தனார் சம்சாரம். துணி எடுத்து வருவது என் வீட்டுக்காரர். விற்பனைக்கு அலைவது கொழுந்தனார். இது ஒன்றும் புது வித்தை இல்லை. பழைய நூல் சேலையை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்து விடுவது நம்ம பாட்டிமார் எல்லாரும் செய்ததுதான். என் அத்தை அப்படிப் படித்தவர்தான்.

செய்முறையைக் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நேரம் எங்கே போகுதுன்னு தெரிஞ்சாத்தான் மீதிக் கதை புரியும். மூட்டையைப் பிரித்ததும் பருத்தி வேறு, பாலியஸ்டர் வேறு என்று பிரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. பருத்தி சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகி மணி மாதிரி திரளும். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே பருத்தி சுருங்கி, பக்கத்துத் துண்டு கோணிக்கொள்ளும். அதனால் பருத்தியை முன்னாடியே நனைத்துக் காயப்போட வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுதான்னு வெள்ளைத் துணியோடு ஊறவைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் தேய்த்து, வெட்டி, இணைத்து, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் அடித்துணி வைத்து, மூன்றும் நகராமல் நூலோட்டி, அதன் பிறகுதான் கைத்தையல். 60 அங்குலத்துக்கு 90 அங்குல விரிப்புக்கு ஆறரை அங்குலத் துண்டு 150 வேண்டும். சுற்றிலும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், ஆறு அங்குலம்தான் வெளியே தெரியும்.

2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்ததே, அப்போ எங்க மூட்டையெல்லாம் நனைந்து கரும்புள்ளி விழுந்துபோச்சு. அன்றிலிருந்து துணி பரண் மேலேதான். அது கிடக்கட்டும்.

அடுத்த வருஷம், 2024 ஆடி மாசம், ஒரு வியாபாரி வீடு தேடி வந்தார். எந்த ஊர், என்ன கடை என்பது இங்கே வேண்டாம். அத்தை கையால் தைத்த பெரிய விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி 100 வேணும், ஒண்ணு 850 ரூபாய், அஞ்சு மாசம் டைம்" என்றார். கொழுந்தனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கணக்கை உடனே போட்டுவிட்டார். துண்டுத்துணி 90, அடித்துணி 310, பஞ்சுத் தகடு 150, நூல் ஊசி கரண்டு 50. ஆக 600. "ஒண்ணுக்கு 250 நிக்கும் மதினி, மொத்தம் 25,000 லாபம்!"

அவர் கணக்கில் பொய் ஒன்றும் இல்லை. எங்க வீட்டில் காலங்காலமாக அப்படித்தான் போடுவார்கள். வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கியது செலவு. வீட்டுக்குள் இருக்கிறவள் தைத்தது செலவில் சேராது.

கொழுந்தனார் சம்சாரம்தான் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, ஒண்ணு தைக்க நமக்கு எத்தனை நாளு ஆவுது?" மூன்று பேரும் உட்கார்ந்து எண்ணினோம். நனைத்து, தேய்த்து, வெட்ட 6 மணி நேரம். மிஷினில் இணைக்க 6. அடுக்கி நூலோட்ட 2. கைத்தையல், வரிக்கு வரி நாலு விரல் இடைவெளி விட்டால்கூட 18. ஆக 32 மணி நேரம். நாளைக்கு 8 மணி நேரம் என்றால் நாலு ஆள் நாள். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு அரசு வைத்த கூலி 319 ரூபாய். (அவ்வளவும் கையில் வருதா என்பது வேறு கதை, சிரிக்காதீங்க.) நாலு நாளைக்கு 1,276. துணிச்செலவு 600ஐச் சேர்த்தால் 1,876. அதைத்தான் 850க்குக் கேட்கிறார்.

வேறு மாதிரியும் பாருங்க. 100 விரிப்புக்கு 400 ஆள் நாள். நாங்க மூணு பேரும் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் நாலரை மாசம் குனிந்து தைக்க வேண்டும். அந்த 25,000ஐ 400ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு அறுபத்திரண்டரை ரூபாய். இதைத்தான் வீடு 'லாபம்'னு சொல்லிக்கிட்டிருந்தது.

வேண்டாம் என்று சொன்னோம். லேசாகச் சொல்லவில்லை. தீபாவளி முன்னால் நிற்கிறது, குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை நிற்கிறது. கொழுந்தனார் மூன்று வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "வீடு தேடி வந்த லட்சுமியை வெரட்டிட்டீங்க" என்றார். இன்றைக்கும் அவர் அதை நஷ்டம் என்றுதான் சொல்கிறார். அவரோடு நான் வாதாடுவதில்லை. அந்தத் தீபாவளிக்கு எங்க வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் புதுத்துணி.

அப்போது நான் பத்தமடையை நினைத்துக்கொண்டேன். நமக்குப் பக்கத்து ஊர். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, கீறி, சாயம் ஏற்றி, நூல் பாவில் நெய்கிற பாய். பட்டுப் பாய் என்று சொல்கிற நைஸ் ரகம் ஒன்றை முடிக்க வாரக்கணக்கு ஆகும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயர், பொண்ணு பெயர், முகூர்த்தத் தேதி எல்லாம் நெய்து கொடுப்பார்கள். பார்த்திருப்பீர்கள். நெய்தவள் பெயர் எங்கேயாவது இருக்கா? அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கும் 2023இல் கிடைத்தது. நல்ல விஷயம்தான், வேறு ஊர்க்காரன் நம்ம ஊர் பெயரில் விற்க முடியாது. ஆனா அந்தச் சான்றிதழ் ஊர் பெயரைத்தான் காப்பாற்றும். வீட்டுக்குள்ளே நெய்கிறவளுக்கு நாள் கூலி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்காது. அதை நாமதான் எழுதணும்.

பயிற்சிக்கு வந்த ஒரு மேடம் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கதை சொன்னார்கள். ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஆற்றங்கரை ஊர். கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டையையும் கால்சட்டையையும் வெட்டி இணைத்துப் போர்வை தைத்தவர்கள். ஓட்டுரிமைக்குப் பெயர் பதிந்ததற்காகவே அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களை நிலக்காரர்கள் வீட்டை விட்டு வெளியேற்றினார்களாம். அந்த வட்டாரத்துப் பெண்கள் 1966இல் நம்ம குழு மாதிரியே ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள், 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்று பெயர். நிலம் வாங்கி, தையல் கூடம் கட்டினார்கள். 2002இல் அந்த ஊர்ப் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களில் சுவரில் தொங்கின, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தைத்தவள் பெயரோடு. 2006இல் தபால்தலையே வெளியிட்டார்கள். அவ்வளவு பெயர் வந்த பிறகும், எங்க பங்கு எங்களுக்கு வரவில்லை என்று சில பெண்கள் 2007இல் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது, சமரசத்தில் முடிந்தது என்றார் மேடம். எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் மனசில் நின்றது.

இப்போ எங்க நோட்டு எப்படின்னா, ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பக்கம். இடது பக்கம் துணிச்செலவு. வலது பக்கம் யார், எத்தனை மணி நேரம். ஆம்பளைகள் அலைச்சலும் அதிலேயே ஏறும், பெட்ரோல் தனி, கூலி தனி. அதை எழுத ஆரம்பித்த பிறகுதான் கொழுந்தனார் கோபம் பாதி இறங்கியது, ஏன்னா அவர் உழைப்புக்கும் அதுவரை கணக்கு கிடையாது. சனிக்கிழமை சனிக்கிழமை கூலி பிரிக்கிறோம். காசு இல்லாத வாரம் பாக்கி என்று எழுதுகிறோம். எழுதாமல் மட்டும் விடுவதில்லை.

அத்தைக்கு 68 வயசு. முதலில் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏட்டி, வீட்டு வேலைக்கு யாராவது கூலி வாங்குவாகளா? ஊரு சிரிக்கும்" என்றார். இப்போ சனிக்கிழமை காலையிலேயே, "என் கணக்கு எவ்வளவு ஆச்சு?" என்று வந்து நிற்கிறார். போன மாசம் ஒரு பஞ்சாயத்து: ஊசியில் நூல் கோக்கிற நேரமும் வேலை நேரம்தானா? கண்ணு சரியாத் தெரியாததால் அவருக்கு அதிலேயே நாளைக்கு அரை மணி நேரம் போய்விடுகிறது. வேலை நேரம்தான் என்று தீர்ப்பாச்சு.

கைத்தையல் பெரிய விரிப்பை இப்போ 2,200க்குக் கொடுக்கிறோம். பூமாலை வளாகத்திலும் கண்காட்சியிலும் சேர்த்து இதுவரை 11 விற்றிருக்கு. அவ்வளவுதான், கூட்டிச் சொல்ல மாட்டேன். வீட்டை ஓட்டுவது மிஷின் தையல் குழந்தை விரிப்புதான். அரை நாள் கூலி 160, துணிச்செலவு 140, விலை 350. மிச்சம் 50 மிஷின் ரிப்பேருக்கும் அடுத்த மூட்டைக்கும். 2025இல் நூறு நாள் வேலைக் கூலி 336 ஆச்சு, அதனால் தைப்பொங்கலுக்கு அப்புறம் நாங்களும் விலையை மாற்றப்போகிறோம்.

நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கேன். வாசல் மேசையில், விரிப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கு. சாப்பிட்டு வந்து புரட்டிப் பாருங்க. ஊறுகாய், அப்பளம், பூக்கட்டு, என்ன தொழிலா இருந்தாலும் உங்க மணிக்கணக்கைச் சொன்னா சேர்ந்து உட்கார்ந்து விலை போட்டுப் பார்க்கலாம். மூணு மணி வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.