ஒடிந்த கிரேயானில் ஒரு சுவர்ப்படம்
(வல்லத்திராக்கோட்டையில் பெண்களிடையே பேசியது)



லீவு விட்டதும் பிள்ளைகளின் பையைக் கவிழ்த்தால் ஒடிந்த கிரேயான்கள்தான் கொட்டும். குப்பையில் போடாதீர்கள். சுற்றியுள்ள தாளை உரிக்காமல், கெட்டி அட்டையின் மேல் ஓரத்தில் ஃபெவிகால் வைத்து வரிசையாக ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு அட்டையைச் சாய்த்து நிறுத்தி, ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்துக் காட்டினால் வண்ணம் மழைத்தாரை போல வழியும். கீழே பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். மெழுகில் படம் புதிதல்ல. எகிப்தின் ஃபயூமில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தேன்மெழுகில் வண்ணம் குழைத்து முகங்களை வரைந்திருக்கிறார்கள்.

டிரையர் இல்லையென்று அடுப்புக்குப் போகாதீர்கள். நாங்கள் போனோம். கரண்டியில் வைத்து கேஸ் அடுப்பில் காட்டியதும் குபீரென்று பற்றிக்கொண்டது. எங்களில் ஒருவர் செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டோம். எரிகிற மெழுகில் தண்ணீர் பட்டால் தீ நாலாபுறமும் சிதறும். அடுப்பை அணைத்து, கரண்டியின் மேல் தட்டைக் கவிழ்த்தோம்.

பிள்ளை கையில் மெழுகு சொட்டினால் பிய்க்காதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதானால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

படத்தை மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு மெழுகு மறுபடி இளகிவிடும்.